ஞாயிறு மட்டும் சரியாத வானம்

“டிவி, பிரிட்ஜு, உங்க பொட்டி, எல்லாத்தையும் பிடுங்கிட்டுத்தான் வந்திருக்கேன், கவலப்படாதீங்க” என்றாள் என் மனைவி குழலி. ரயில்வே கேட்டில் கார் நின்றிருந்தபோது, மேற்கே மலை கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து, தொண்டை கட்டாமல் இருக்கும் என்று என் உள்ளங்கையில் வைத்தாள். அந்த ஏலக்காய் இப்போது என் வலது கடைவாயில் இருக்கிறது. நான் மேடையில் இருக்கிறேன். தோளில் சால்வை இருக்கிறது. கல்லூரி முதல்வர் அந்தோணிதுரை மைக்கைப் பிடித்து வெகுநேரமாகிறது, அவர் பேச்சில் நான் இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. எனக்குப் பின்னால் பிளக்ஸ் பேனர். அதில் என் உச்சந்தலையிலிருந்து ஒரு மின்னல் கிளம்பி மேகத்துக்குள் போகிறது. மின்னல் அப்படி மேல்நோக்கியும் போவதுண்டு, ஆனால் அதற்குக் கோபுர உயரம் வேண்டும், என் உயரம் போதாது என்று பேனர்காரரிடம் சொல்லவேண்டும் என நினைத்திருந்தேன். காலையில் நினைத்தது. அப்படியெல்லாம் நினைக்க முடிந்த ஒரு ஆளாகக் காலையில் இருந்தேன். மின்னலுக்குக் கீழே ‘சங்கரநயினார் சரிவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சங்கரநயினார் நான்தான். சரிவு நான் கண்டுபிடித்தது. உங்க பொட்டி. பிடுங்கிட்டுத்தான். “எப்பவுமேவா பிடுங்குவே?” என்று காரிலேயே கேட்டேன், குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. “எப்பவுந்தான். நீங்க காலேஜுல இருக்கையில இடிச்சா வேற யாரு பாப்பா? சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் உருளும்போதே மாடிக்கு ஓடிருவேன். மழை வெறிச்சப்பெறவு மாட்டிருவேன். இத்தன வருசத்துல ஒண்ணாவது எரிஞ்சிருக்கா, சொல்லுங்க.” கல்லூரி டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்து, “அக்கா உஷாரு சார்” என்றார். கேட் திறந்தது.

பொட்டி. அதை அவள் அப்படித்தான் சொல்லுவாள், சொல்வதற்கு வேறு பெயர் நான் கொடுத்ததில்லை. மாடி அறையில் ஜன்னலோரம் இருக்கும் ரேடியோ அலைவாங்கி அது, மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து ஒரு கம்பி அதற்குள் இறங்குகிறது. நம் தலைக்கு மேல் எழுபது எண்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்று என்று சொல்லிக்கொள்ள ஏதோ கொஞ்சம் இருக்கிற இடத்தில், வெயில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டுவிடுகிறது. அதனால் அங்கே மின்சாரம் ஓடக்கூடிய ஒரு கூரை உண்டாகிறது. எங்கோ தூரத்துக் கடற்படை நிலையம் அனுப்பும் ரேடியோ அலை அந்தக் கூரையில் பட்டுத் திரும்பி என் மாடிக்கு வருகிறது. கூரை அசைந்தால் அலையின் பலம் மாறும். இடிமழைக்கு மேலே கூரை அசைகிறது, அது உண்மை, உலகத்தில் பலரும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மின்னலும் மேல்வானத்தை ஒரு தட்டுத் தட்டுகிறது, அலை இலேசாகத் துள்ளி அடங்குகிறது. இலேசாக. என் பொட்டியில் இலேசாக இல்லை. மழை ஊருக்கு வருவதற்கு முன்பே, இடி மலையில் உருளத் தொடங்கும்போதே, அலையின் பலம் மாடிப்படியில் தவறி விழுந்தவனைப் போல் விழுந்தது. மழை நின்ற பிறகு மெல்ல மெல்ல, அழகான வளைவில், எழுந்தது. அந்த வளைவை எத்தனை இரசித்திருப்பேன். கூரையில் சிதறிய எலக்ட்ரான்கள் வீடு திரும்பும் வேகம் அது என்று எழுதினேன், ‘வீடு திரும்பும்’ என்றே எழுதினேன், ஆய்விதழ்க்காரர்கள் அதை வெட்டிவிட்டார்கள். பொட்டிக்குள் ஒரு படிகம் இருக்கிறது. அது சரியாகத் துடிக்க வேண்டுமானால் சூடேற வேண்டும். மின்சாரம் போய் வந்தால் மறுபடி சூடேற அரைமணி நேரம் பிடிக்கும், மெல்ல மெல்ல, அழகான வளைவில். பதிவு செய்யும் கம்ப்யூட்டருக்குத் தனி பேட்டரி, அது ஒருநாளும் நின்றதில்லை, குழலி பிடுங்கியதையும் மாட்டியதையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தது. அதைத்தான் நான் வானத்தின் கையெழுத்து என்று படித்திருக்கிறேன். கண்டுபிடித்தது பொய்யும் இல்லை. இடிக்கும் அந்தச் சரிவுக்கும் உள்ள தொடர்பு அசைக்க முடியாதது, கட்டுரையில் சேர்த்த புயல் ஒன்றுகூடத் தப்பவில்லை. நடுவில் ஒரு மனுஷி படியேறி ஓடுவதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. முதல்வர் நான் கல்லூரியில் சேர்ந்த கதைக்கு வந்துவிட்டார். “விண்ணையே தன் மொட்டைமாடிக்கு வரவழைத்தவர்” என்கிறார். கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் குழலியும் தட்டுகிறாள், மடியில் என் கண்ணாடிக்கூடு, அது விழாமல் முழங்கையால் அணைத்துக்கொண்டு தட்டுகிறாள்.

அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் ஷமீமா. மடிக்கணினியில் என் ஆய்வுப் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறாள், கறுப்புத் துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி விடுகிறாள், பதற்றமாக இருந்தால் அப்படிச் செய்வாள். என் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு முழுக்க முழுக்க இந்தச் சரிவின் மேல் நிற்கிறது, இந்த வாரம் பல்கலைக்கழகத்தில் கொடுக்கப்போகிறாள். என்ன கேட்டாள்? எதையோ கேட்டாள். எதையோ என்ன எதையோ, சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது, நினைவில்லாதவன் போல் நடிக்க இங்கே யார் பார்க்கிறார்கள். “சார், ஞாயித்துக்கெழம மட்டும் சரிவு வரலையே சார்” என்றாள். துறை அறையில், டீ நேரம், எல்லோரும் இருந்தார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஒரு நல்ல பதில் வாயில் வந்துவிட்டால் டம்ளரைக் கீழே வைப்பது என் வழக்கம். “மேகத்துக்குக் காலண்டர் பாக்கத் தெரியாது ஷமீமா. ஒருவேளை உங்க மேகம் கவர்மென்ட் உத்தியோகமோ என்னமோ” என்றேன். சிரித்தார்கள். மூத்த விரிவுரையாளர் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள், அப்புறம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மாடி அறையில் பொட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறேன். நான் தூங்கும் அறைக்குள் குழலி வரமாட்டாள். இடி இடித்தால் கீழே டிவியைப் பிடுங்கிவிட்டு, படிக்கட்டில் பாதி ஏறி நின்று, என் குறட்டையைக் கேட்டுவிட்டு, அவர்தான் இருக்கிறாரே என்று இறங்கிப் போயிருப்பாள். வானம் ஞாயிறு தவறாமல் ஒழுங்காக இருந்தது, நான் வீட்டில் இருந்ததால். இதை ஒரு சின்னப் பெண் கையில் தாளோடு என் முன்னால் வந்து நின்று கேட்டாள். நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். அப்படியும் விடவில்லை, கட்டுரையில் ‘விடுமுறை நாட்களில் போதிய புயல்கள் பதிவாகவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தேன். போதிய. எவ்வளவு பண்பான சொல். அதற்குள் ஒரு யானையை மறைத்துவைக்கலாம்.

சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லாமல் என்ன செய்ய. செய்ய நிறைய இருக்கிறது, அதுதான் வெட்கம், உட்கார்ந்த இடத்திலிருந்தே எத்தனை வழி தெரிகிறது. இன்றைக்குப் பேசிவிட்டுப் போய், நாளைக்குப் பொட்டிக்கும் ஒரு பேட்டரி வாங்கி மாட்டிவிடலாம். சரிவு அதன்பின் வராது. பருவம் மாறிவிட்டது, சூரியன் மாறிவிட்டது என்று இன்னொரு கட்டுரை எழுதலாம், அதற்கும் ஒரு சால்வை கிடைக்கும். அல்லது மின்வாரியத்தின் தலையில் போடலாம். அல்லது உண்மையையே சொல்லலாம், ஆள் இல்லாமல். ‘கருவிக்கான மின்இணைப்பு சில வேளைகளில் துண்டிக்கப்பட்டிருக்கலாம்.’ எங்கள் எழுத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தாமாகச் செய்யப்படுகின்றன. யார் துண்டித்தது என்று கேட்டால்? கேட்பார்கள். அந்தோணிதுரை கேட்காவிட்டாலும் பின்வரிசை கேட்கும். வீட்டில் என்று சொன்னால் போதும், எல்லாக் கழுத்தும் முன்வரிசைக்குத் திரும்பும். மயில்கழுத்து நிறப் பட்டுடுத்தி, என் கண்ணாடிக்கூட்டைக் குழந்தை போல வைத்துக்கொண்டிருக்கிறவளைப் பார்த்து அரங்கமே சிரிக்கும். காரில் எனக்கு முதலில் வந்தது என்ன, அதையும் சொல்லிக்கொள், வந்தது கோபம். அவள்மேல். எதற்குத் தொட்டாய், யார் தொடச் சொன்னது என்று நாக்கு நுனி வரை வந்தது. ஏலக்காய் அதை அடைத்தது. யார் தொடச் சொன்னது? கல்யாணமான புதிதில் ஒரு மழையில் டிவி எரிந்தது. கூடத்தில் என் கல்லூரி நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றுகூடத் தெரியாதா, பிசிக்ஸ்காரன் பெண்டாட்டி செய்கிற வேலையா இது என்று கேட்டேன். அன்றும் ஒரு நல்ல பதிலாகத்தான் தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்திருப்பேன். அவர்கள் சிரித்தார்கள். அவள் புகைநாற்றம் அடிக்கிற டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இனிமே பாத்துக்கிடுதேன் என்றாள். பார்த்துக்கொண்டாள். நான் வீட்டிலிருந்த வேளைகளில் அவள் இடியைக் கேட்டு எழுந்து ஓடியது இடிக்குப் பயந்து என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடி. இங்கேயே கேட்டது, ஜன்னல் கண்ணாடிகள் இலேசாகச் சிலிர்த்தன. குழலியின் கை மடியை விட்டு எழுந்து, அங்கே பிடுங்க எதுவும் இல்லை என்று கண்டு, திரும்ப உட்கார்ந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்: இந்த நேரத்தில் உலகத்தில் எங்கெங்கோ இடிமழை பெய்துகொண்டிருக்கிறது, அத்தனையும் சேர்ந்து மேல்வானத்தில் மின்னேற்றத்தை ஏற்றிவைக்கின்றன, ஏறியது இறங்கியாக வேண்டும், எங்கே இறங்குகிறது தெரியுமா, மழையே இல்லாத ஊர்களில், மேகமே இல்லாத நல்ல வெயிலில், சத்தமில்லாமல், சொட்டுச் சொட்டாக, வயலில் நிற்கிறவன் தலை வழியாக, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவள் தலை வழியாக, அவர்களுக்குத் தெரியாமலே. பையன்கள் தலையைத் தடவிப் பார்ப்பார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்த முகத்தோடு நிற்பேன். கூடத்தில் ஒருநாள் நான் இடித்த இடி எனக்கு அன்றே முடிந்துபோனது, நண்பர்களோடு சிரித்து, டிவிக்கு ஆள் அனுப்பி, மறந்தும்போனேன். அது மேலே ஏறி எங்கே போயிற்று என்று நான் அளந்ததில்லை. மேகமே இல்லாத நாட்களில், மாவு அரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும், ஒரு காதை மேற்கே வைத்துக்கொண்டு அவள் இருந்திருக்கிறாள். ச்சே, இதையும் உவமையாக்கிவிட்டேன், இதையும் வகுப்பாக்கிவிட்டேன். எனக்கு அவமானம்கூட மேற்கோளோடுதான் வருகிறது. அவளிடம் அந்தப் பொட்டி என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? புரியாது என்று நினைத்தேனா? அவ்வளவுகூட நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்பதே தோன்றவில்லை, மின்விசிறியிடம் யாராவது சொல்வார்களா. இன்றும் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறாள். இந்த நிமிஷம் வீட்டில் அலை விழுந்து கிடக்கிறது, அதைக் கம்ப்யூட்டர் பக்தியோடு எழுதிக்கொண்டிருக்கிறது. “இப்போது, பேராசிரியர் அவர்களே தமது கண்டுபிடிப்பைப் பற்றி...” என்கிறார் முதல்வர்.

மறுபடி இடி, இம்முறை தலைக்கு மேலேயே. ஒலிபெருக்கி ஒரு தும்மல் தும்மி ஊமையானது. மேடை ஓரத்தில் மைக்செட்காரர் கையில் பிடுங்கிய வயரோடு நிற்கிறார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ரிஸ்க் எடுக்க முடியாது சார், போன வாரம்தான் ஆம்ப்ளிபயர் ஒண்ணு போச்சு” என்கிறார். குழலி அவரைப் பார்த்து மெச்சும் விதமாகத் தலையை ஆட்டுகிறாள். ஊரே பிடுங்குகிறது. இந்த ஊரில் மேற்கே உறுமினால் எல்லா வீட்டிலும் ஒரு கை சுவருக்குப் போகிறது, என் ஒருவனுக்குத்தான் என் வீட்டுச் சுவர் தெரியவில்லை. முதல்வர் குனிந்து என் காதில் சொல்கிறார்: “நயினார் சார், மைக் இல்ல. பின்னால கேக்காது. நன்றின்னு ரெண்டு வார்த்த சொல்லுங்க, சர்டிபிகேட்ட வாங்கிக்கிட்டு முடிச்சிருவோம். டிபன் ஆறுது.” இதோ வழி. வானமே திறந்துவிட்ட வழி. நன்றி என்று சொல்லலாம். நன்றி என்பது எவ்வளவு சின்ன சொல், ஏலக்காயைத் துப்பாமலே சொல்லிவிடலாம். ஷமீமா எழுந்து நிற்கிறாள், படங்கள் போடவா வேண்டாமா என்று கையால் கேட்கிறாள், திரையில் என் வளைவு, அழகான வளைவு, மெல்ல மெல்ல எழுகிறது. அவள் அதன்மேல் ஒரு பட்டத்தை வைக்கப்போகிறாள், நான் வாயைத் திறக்காவிட்டால் வைத்துவிடுவாள், அப்புறம் எந்த ஊரிலோ எவனோ ஒருவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரிப்பான். நான் ஏலக்காயை விழுங்கினேன். எழுந்தேன். மைக் இல்லாத என் குரல் இவ்வளவு மெலிந்தது என்று எனக்குத் தெரியாது.

“இந்தச் சரிவு வானத்தில் இல்லை” என்றேன். “என் வீட்டு மாடியில். இடி இடிக்கும்போது கருவிக்கு மின்சாரம் நின்றது, அவ்வளவுதான். நிறுத்தச் சொன்னது நான். சொன்னதை மறந்தது நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வரவில்லை என்று ஷமீமா கேட்டபோது சிரித்ததும் நான். அவர் கேட்டதுதான் சரி. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.”

ஷமீமாவின் விரலில் துப்பட்டா சுற்றியபடி நின்றது. நிறுத்தச் சொன்னது நான்: நல்ல வாக்கியம், உண்மையான வாக்கியம், அதில் குழலி இல்லை, யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை, தப்பித்தாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

“சொன்னதென்னமோ அவங்கதான். ஆனா பிடுங்குதது நாந்தான்” என்றாள் அரங்கத்தைப் பார்த்து, பெருமையாக, சபையில் என்னை விட்டுக்கொடுக்காத குரலில். மைக் இல்லாமலே பின்வரிசை வரை கேட்டது. “ஒரு இடிகூட விட்டதில்ல.”

சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது, முதல்வரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழலியும் சேர்ந்து சிரிக்கப் போனாள். பாதியில் என் முகத்தைப் பார்த்தாள், நின்றாள். அந்த முகம் எனக்குத் தெரியும். புகைந்த டிவிக்குப் பக்கத்தில் பார்த்த முகம்.

“ஏங்க,” என்றாள், இப்போது என்னை மட்டும் பார்த்து, “பிடுங்கக் கூடாதா? அது எதுக்கான பொட்டின்னு எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.”

சிரிப்பு நின்றது. நானாக நிறுத்தவில்லை, அந்தக் கேள்விதான் நிறுத்தியது. மேடையில் படி எங்கே என்று தேடி இறங்கினேன். சால்வை ஒரு பக்கம் சரிந்து தரையில் இழுபட்டது. அவள் முன்னால் போய் நின்றேன்.

“நம்ம தலைக்கு மேல, ரொம்ப உயரத்துல, ஒரு கூரை மாதிரி ஒண்ணு இருக்கு குழலி” என்றேன். “கண்ணுக்குத் தெரியாது. இடி இடிச்சா அது அசையும். எவ்வளவு அசையுதுன்னு பாக்கத்தான் அந்தப் பொட்டி. இடிக்கையில அது ஓடிக்கிட்டு இருக்கணும்.”

அவள் யோசித்தாள். அரங்கம் முழுக்க அவள் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை கூரைமேல் இறங்கியது.

“அப்ப இத்தன வருசமும்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்கூட்டைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, “கார் நிக்குதா? போயி மாட்டிருதேன்” என்றாள்.

“வேண்டாம்” என்றேன். “இடி நிக்கட்டும்.”